செகண்டரி சாங்ஷன்ஸ்: ‘இரண்டாம் நிலைத் தடை’யா, ‘படர்தடை’யா?

காரைக்குடியிலிருந்து:

வணக்கம். அமெரிக்கா விதிக்கும் ‘செகண்டரி சாங்ஷன்ஸ்’ என்பதை நாளிதழ்கள் ‘இரண்டாம் நிலைத் தடை’ என்று எழுதுகின்றன. படிப்பவருக்கு வலுக்குறைந்த தடை என்றே படும். உண்மை தலைகீழ். நேரடித் தடை அமெரிக்கரையும் அமெரிக்க வங்கி வழியே போகும் பணத்தையும் கட்டும். இதுவோ அமெரிக்கா தடை விதித்த ஈரான் போன்ற நாட்டோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் மூன்றாம் நாட்டாரைப் பிடிக்கிறது. 2019 மே மாதம், ஈரான் எண்ணெய் வாங்க விட்டிருந்த சலுகையை அமெரிக்கா நீட்டிக்காததும் இந்தியா அந்த எண்ணெயை வாங்குவதை நிறுத்தியது. இந்தியச் சட்டம் எதுவும் அதைத் தடுக்கவில்லை.

ஊரை விட்டு விலக்கப்பட்டவனுக்கு நெருப்போ தண்ணீரோ கொடுத்தவனையும் விலக்குவார்கள். அதே முறை. எனவே ‘படர்தடை’.

தேவகோட்டையிலிருந்து:

ஐயா, ‘படர்’ என்றால் கொடிபோலத் தானே பரவுவதாகத் தோன்றுகிறதே. இங்கே ஒரு அரசு ஆள் பார்த்து விதிக்கிறது. பிடி எங்கே என்பதும் சொல்லில் தெரிய வேண்டும். இரங்கூன் வட்டிக்கடையில் எழுதிய உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை, சென்னையில் ஒரு கடை ஏற்றால்தான் பணம். ஏற்காவிட்டால் வெறும் காகிதம். டாலரும் அப்படித்தான். வெளிநாட்டு வங்கி நியூயார்க் வங்கியில் வைத்துள்ள கணக்கில் பற்று வரவு எழுதியே பெரும்பாலான டாலர் கைமாறுகிறது. அந்தக் கணக்கை மூடுவோம் என்பதே மிரட்டல். ‘கணக்கறுப்புத் தடை’ எப்படி?

காரைக்குடியிலிருந்து:

உண்டியல் ஒப்புமை அருமை, ஆனால் சொல் குறுகிவிடுகிறது. ஈரான் எண்ணெய்க்கு 2012 முதல் ஒரு பங்கை இந்திய அரசின் யூகோ வங்கியில் ரூபாயாகவே கட்டினோம், டாலர் தொடவேயில்லை. (அந்த ரூபாய் அரிசி, மருந்து என்று இங்கேயே செலவழியவேண்டி வந்தது வேறு சிக்கல்.) ரூபாய் வழி இருந்தும் 2019இல் எண்ணெய் நின்றது. ஆகவே தடை விழுவது பணம் போகும் பாதையின்மேல் மட்டுமல்ல, உறவின்மேல். விதிப்பவர் யார் என்பதை வினை சொல்லட்டும்: ‘அமெரிக்கா அவ்வங்கிமீது படர்தடை விதித்தது.’

ஓர் எச்சரிக்கை. 2014இல் பிஎன்பி பாரிபா என்ற பிரெஞ்சு வங்கி அமெரிக்காவுக்கு 890 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்டியதைப் படர்தடை என்று எழுதிவிடக் கூடாது. பணம் அமெரிக்க வங்கி அமைப்பு வழியே போனது. அது நேரடித் தடை மீறல்.

தேவகோட்டையிலிருந்து:

ஏற்கிறேன். ‘படர்த்தடை’ என்று அச்சிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வினைத்தொகை, ஒற்று மிகாது. ‘படர்தடைச் சட்டம்’ என்னும்போது மிகும்.