எஸ்றாவின் வம்ச அட்டவணையில் விடுபட்ட ஆறு பெயர்கள்

ஏடுபடிப்பவர்:
வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் 5, 11 ஆகிய அதிகாரங்களில் ஒவ்வொரு தகப்பனும் பிள்ளை பெற்றதாகச் சொல்லப்படும் வயதுகளைக் கூட்டினால் உலகம் தோன்றிய ஆண்டு கிடைத்துவிடும் என்று மறுபடியும் ஒருவர் எழுதியிருப்பதைக் கண்டு பொறுக்க முடியவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பேராயர் அஷர் இந்த வயதுகளை அடிப்படையாகக் கொண்டுதான் கி.மு. 4004 என்று கணித்தார். வம்ச அட்டவணை யாருக்கு எந்த உரிமை உண்டு என்பதைக் காட்டும் ஆவணம். அது நாட்காட்டி அன்று. பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வந்த ஆசாரியர் எஸ்றாவின் முன்னோர் பட்டியல் எஸ்றா 7இல் இருக்கிறது. அதே ஆசாரிய வம்சத்தைத் தரும் 1 நாளாகமம் 6உடன் அதை ஒப்பிடுங்கள். மெராயோத்துக்கும் அசரியாவுக்கும் இடையில் அமரியா, அகித்தூப், சாதோக், அகிமாஸ், இன்னொரு அசரியா, யோகனான் என ஆறு பேரை எஸ்றாவின் பட்டியலில் காணவில்லை.

வேதமாணவன்:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லக்கூட உங்களுக்கு மனம் வரவில்லை. ஆறு பெயர்கள் விடுபட்டது படியெடுத்தவரின் கண் தவறியதால். அமரியா, அகித்தூப், சாதோக் என்ற மூவர் வரிசை நாளாகமத்தில் இரண்டு முறை வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் கண் தாவுவது இயல்பு. மேலும், எஸ்றாவின் பட்டியலில் வயது இல்லை. ஆதாம் 130 வயதிலும் சேத் 105 வயதிலும் பிள்ளை பெற்றதாக ஆதியாகமம் எண்ணோடு சொல்லும்போது, நடுவில் எத்தனை பேர் விடுபட்டாலும் கூட்டுத்தொகை மாறாது.

ஏடுபடிப்பவர்:
எந்த 130? கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் அது 230, சேத்துக்கு 205. ஜலப்பிரளயம் வரையிலான ஆண்டுகளின் கூட்டுத்தொகை, யூதர் பேணிய எபிரேய மூலமான மசோரெட்டிய பாடத்தில் 1656, சமாரியர் பேணிய எபிரேயப் படியான சமாரிய ஐந்தாகமத்தில் 1307. இதில் எதை வைத்து உலகத்துக்குப் பிறந்தநாள் குறிப்பீர்கள்? ஆறு பெயர்களை விடுவதால் எஸ்றாவுக்கு எந்தக் குறையும் இல்லை, ஏனெனில் அவர் முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் சந்ததி என்று நாட்டுவதே அந்தப் பட்டியலின் வேலை. பர்சில்லாயின் புத்திரர் கதி என்ன ஆயிற்று என்று எஸ்றா 2இல் படியுங்கள். அவர்களுடைய முன்னோர் ஒருவர் கீலேயாத்தியனான பர்சில்லாயின் மகளை மணந்து மாமனார் வீட்டுப் பெயரை ஏற்றவர். பாபிலோனிலிருந்து திரும்பியபோது அட்டவணையைத் தேடியும் கிடைக்காததால் அவர்கள் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள்.

மலர்விழி:
லூக்கா 3:36இல் அர்ப்பகசாத்துக்கும் சாலாவுக்கும் நடுவே காயினான் நிற்கிறான். எபிரேய ஆதியாகமம் 11இல் அவன் இல்லை, அங்கேயும் ஒரு பெயர் வேறுபடுகிறது. இதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லையே?

வேதமாணவன்:
காயினானைப் பிறகு பார்க்கலாம். ஆதியாகமத்தில் வரும் ஆசாரியன் மெல்கிசேதேக்கைப் பற்றி முன்பு நடந்த விவாதத்திலும் இப்படித்தான் எண்களை அள்ளி வீசிக் கேள்வியை மூடினார் ஏடுபடிப்பவர், நான் மறக்கவில்லை. ஆறு பெயர்கள் படியெடுத்தவரின் பிழையே.

ஏடுபடிப்பவர்:
மெல்கிசேதேக் விவாதத்தில் பதில் சொல்லாமல் போனவர் நீங்கள். எஸ்றா தம்மைச் செராயாவின் குமாரன் என்கிறார். அந்தச் செராயா, எருசலேம் விழுந்த கி.மு. 586ஐ ஒட்டி ரிப்லாவில் கொல்லப்பட்ட பிரதான ஆசாரியன். எஸ்றா எருசலேம் வந்தது பாரசீக மன்னன் அர்தசஷ்டாவின் 7ஆம் ஆண்டில். முதலாம் அர்தசஷ்டா என்று கொண்டால் கி.மு. 458. தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த இடைவெளியும் கண் தாவியதால் வந்ததா?

வேதமாணவன்:
அது வேறொரு செராயாவாக இருக்கலாம். ஆறு பெயர்களுக்கு நான் சொன்ன காரணத்தை நீங்கள் இன்னும் மறுக்கவில்லை.

ஏடுபடிப்பவர்:
இரண்டு பட்டியல்களிலும் செராயாவின் தகப்பன் அசரியா, பாட்டன் இல்க்கியா, பூட்டன் சல்லூம். இந்த நான்கு பெயர்களும் ஒத்திருக்கும்போது வேறொரு செராயா எங்கிருந்து வந்தார் என்பதை முதலில் எழுதுங்கள்.