தீபாவளி இனிப்புப் பெட்டி அச்சடித்தவர்களே, உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பலகாரக் கடை, சாத்தூர்

சந்தையில் விற்கும் ரெடிமேடு பெட்டியை வாங்கி, மேலே கடைப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். 2025 தீபாவளிக்குத்தான் முதன்முறையாகச் சிவகாசியில் எங்கள் பெயரிலேயே பெட்டி அடித்தோம். குத்துவிளக்கு, கோலம், தங்க நிறத்தில் கடைப் பெயர் என்று படத்தையெல்லாம் தயார் செய்துகொண்டு போனால், அச்சக அண்ணாச்சி அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "படம் இருக்கட்டும், பலகாரத்தைக் கொண்டுவாருங்கள்" என்றார்.

மறுநாள் மைசூர்பாகு, லட்டு, காராச்சேவு மூன்றிலும் அரைக் கிலோ கொண்டுபோனோம். அச்சடிக்காத வெள்ளை அட்டையைக் கத்தியால் வெட்டி மடித்து ஒரு மாதிரிப் பெட்டி செய்தார், டம்மி என்கிறார்கள். மைசூர்பாகை அடுக்கியபோது மேலே ஒரு விரற்கடை இடம் மிஞ்சியது. அதே பெட்டியில் லட்டு மூடியை முட்டிக்கொண்டு நின்றது. உருண்டைகளுக்கு நடுவே வீணாகும் இடத்தை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்? காராச்சேவு பாதிதான் கொண்டது. உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, இனிப்புக்கு மட்டும் பெட்டி, சேவுக்குப் பழையபடி பை என்று முடிவானது. அதோடு விடவில்லை. நிரப்பிய பெட்டிமேல் பாரத்தை ஏற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்தார். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை நடுவில் தொய்ந்துவிட்டது, 350-க்கு மாறினோம்.

அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டும் டைக்கும், அச்சடிக்கும் பிளேட்டுக்கும் ஆகும் செலவு 500 பெட்டி அடித்தாலும் 5,000 அடித்தாலும் ஒன்றுதான். சின்னக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே அளவுப் பெட்டிக்கு ஒத்துக்கொண்டால் டைச் செலவையாவது பங்கிட்டுக்கொள்ளலாம்.

டை பஞ்சிங் வேலை, சிவகாசி

நான் அச்சடித்த அட்டையை டையால் வெட்டும் பஞ்சிங் மெஷினில் நிற்பவன். எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும். அதற்குப் பிறகு காலண்டர் ஆர்டர், பட்டாசுப் பெட்டி, லேபிள் என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அந்தக் கூட்டத்தில் இனிப்புப் பெட்டியும் வந்து நின்றால், கிடைத்த இடைவெளியில்தான் ஓடும்.

கடைக்காரர்கள் இங்கிலீஷ் மாதத்தை வைத்துக் கணக்குப் போடுவதுதான் பெரிய தலைவலி. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. "போன தடவை செப்டம்பர் கடைசியில்தானே கொடுத்தோம்" என்று வந்து நிற்பார்கள். பண்டிகை முன்னால் வந்துவிட்டதை அச்சடித்த காலண்டர் சொல்கிறது. அதையும் நாங்கள்தான் அச்சடித்தோம்!

அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்றால், மை காயாது. ஈரக்காற்று அடிக்கிற நாட்களில் இன்னும் மோசம். மை காயாத தாளுக்கு மேலே பிளாஸ்டிக் படலம் ஒட்டும் லாமினேஷன் போட்டால், படலம் ஒட்டாமல் குமிழ் குமிழாக எழும்பும். அடுத்தது கிரீஸிங், அதாவது மடிக்கும் கோட்டை அழுத்திப் பதிப்பது. அட்டைக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அதைப் பார்க்காமல் தாளில் எப்படியாவது பெட்டிகளை நெருக்கி வைத்து அட்டையை மிச்சப்படுத்தினால், மடிக்கும் இடத்தில் வண்ணம் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

ஒரு கடையின் டிசைனில், பசை தடவும் ஓரமான ஒட்டுப்பட்டை வரைக்கும் சிவப்பு வண்ணம் ஓடியிருந்தது. அதன்மேல் லாமினேஷனும் ஏறிவிட்டது. பிளாஸ்டிக் படலத்தில் பசை பிடிக்குமா? பெட்டியை நிரப்பியதும் பக்கவாட்டில் வாயைத் திறந்தது. பேஸ்டிங் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியின் பட்டையையும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மறுபடி ஒட்டினார்கள். கூலி கூடியதுதான் மிச்சம். ஒட்டும் பட்டையை வெறுமையாக விடுங்கள் ஐயா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

வடிவமைப்பாளர், கோவை

சாத்தூர்க்காரர் சொன்ன தங்க நிறத்துக்கு வருகிறேன். செல்போன் திரையில் தகதகவென்று மின்னுவதை அப்படியே கேட்பார்கள். நான்கு வண்ண அச்சில் அது கடுகு அரைத்த நிறத்தில்தான் வரும். தங்கம் வேண்டுமென்றால் ஃபாயில் என்னும் மின்னும் படலத்தை ஒட்ட வேண்டும், அல்லது தனியாக மெட்டாலிக் மை ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் தனிக் காசு.

நான் இப்போது மூடியில் 'தீபாவளி' என்றே போடுவதில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் அந்தப் பெட்டியை எவரும் தொடமாட்டார்கள். பெட்டியைப் பொதுவாக வைத்துக்கொண்டு, வாழ்த்தை ஒரு தாள் பட்டையில் அடித்து மேலே சுற்றச் சொல்கிறேன். மிஞ்சிய பெட்டி பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஓடுகிறது. இன்னொன்று, தமிழ் எழுத்துகளைக் கோட்டு வடிவமாக (அவுட்லைன்) மாற்றாமல் கோப்பை அனுப்பாதீர்கள். அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஒற்றைக்கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகக் கிடக்கும்.

வாடிக்கையாளர், சென்னை

பெட்டி செய்பவர்களெல்லாம் பேசுகிறீர்கள், வாங்குபவன் ஒன்று சொல்லலாமா? கனமான பெட்டியோடு சேர்த்துத் தராசில் வைக்கிறார்கள். பெட்டி 100 கிராம் என்றால், கிலோ 700 ரூபாய் இனிப்பில் அட்டைக்கு 70 ரூபாய் கொடுக்கிறேன். பெட்டி எடையைக் கழித்துவிட்டுத்தான் நிறுக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டால் முறைக்கிறார்கள்.

பலகாரக் கடை, சாத்தூர்

சென்னை ஐயா, எங்கள் தராசில் காலிப் பெட்டியை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் நிறுப்போம், வந்து பாருங்கள்.

கோவைச் சகோதரி சொன்ன தாள் பட்டை நல்ல யோசனை. விலை, தயாரித்த தேதி, உபயோகிக்க வேண்டிய கடைசி நாள் ஆகியவற்றையும் அதில் ஏற்றிவிடலாம் போலிருக்கிறது. லாமினேஷன்மேல் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் கையோடு அழிந்துவருகிறது. அதற்காகவே பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கட்டத்தைப் படலம் இல்லாமல் விடச் சொன்னோம். பச்சைப் புள்ளியும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் மாறாதவை என்பதால் அவை அச்சிலேயே இருக்கின்றன.

நெய் கசிவதற்கு உள்ளே பட்டர் பேப்பர் போடுகிறோம். பின்பக்கம் சாம்பல் நிறமாக இருக்கும் டூப்ளெக்ஸ் அட்டை பழைய தாளைக் கூழாக்கிச் செய்வது. அதில் இனிப்பு நேராகப் படக்கூடாது. ஆனால் கால் கிலோ பெட்டியில் நான்கு வகை வைக்கும்போது தாள் நழுவி நெய் அட்டைக்கு வந்துவிடுகிறது. உள் தடுப்பையும் அடித்தட்டையும் ஒரே துண்டாக வெட்டி மடிக்கும்படி யாராவது டை செய்திருக்கிறீர்களா? சிவகாசித் தம்பி, அட்டை எவ்வளவு கூடும் என்று தோராயமாகச் சொன்னால் போதும்.