தமிழில் எழுதும் பையனுக்கு மலையாளத்தில் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை - என்ன செய்யலாம்?

கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம். பையன் அரசுப் பள்ளியில் தமிழ் வழி, ஒன்பதாம் வகுப்பு. வாயால் கேட்டால் அறிவியல் பாடம் மொத்தமும் சொல்வான். எழுதச் சொன்னால் 'பள்ளம்' பளமாகிவிடும், பாதி வரியில் பேனாவை வைத்துவிடுவான். மூன்றாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான்.

கண் பரிசோதித்தாயிற்று, கோளாறில்லை. டியூஷனும் வைத்துப் பார்த்தோம். பி.ஆர்.சி.யிலிருந்து (வட்டார வள மையம்) வரும் சிறப்பு ஆசிரியை தங்கமானவர். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாது. மருத்துவமனையில் மலையாளப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பேசுவான், வாசித்ததே இல்லை. அதில் என்னத்தைக் கண்டுபிடிப்பது?

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் அடக்கம். எஸ்.எஸ்.எல்.சி.யில் சொல்வதை எழுத ஆளும் கூடுதல் நேரமும் தருவார்கள், சான்று இருந்தால்.

கோயம்புத்தூரில் தமிழிலேயே பரிசோதித்து வாங்கும் அறிக்கையைப் பாலக்காட்டு மருத்துவக் குழு ஏற்குமா?