சிட்டி கோல்ஃப் காரை மாற்றுவதா, ஓட்டும் முறையை மாற்றுவதா?

கேள்வி (டர்பன்):
கூம்புகளுக்கிடையே நேரத்தை எதிர்த்து ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டியில், 2009 வரை தயாரான ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் கார் ஒன்றை இரண்டாம் ஆண்டாக ஓட்டுகிறேன். மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் என் நேரம் குறையுமா, அண்ணா?

மறுமொழி:
தம்பி, முதலில் உங்கள் காரைத் தேர்ந்த ஓட்டுநர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். என் காரை அப்படி ஒருவர் ஓட்டி, என்னைவிட மூன்று விநாடி முன்னதாக முடித்தபோது அருகில் அமர்ந்திருந்தேன். அவர் பார்வை எப்போதும் அடுத்த கூம்பையும் தாண்டியே இருந்தது, திரும்பத் தொடங்குமுன் பிரேக் பிடிப்பதைப் பெரும்பாலும் முடித்துவிட்டார்.

மற்றொருவர்:
உண்மை. ஆனாலும் உங்கள் கோல்ஃப் போன்ற முன்சக்கர இயக்கக் காரில் திருப்புவதும் இழுப்பதும் அதே இரு டயர்கள் என்பதால், அவசரப்பட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் வளைவுக்கு வெளியே தள்ளப்படும். பின்சக்கர இயக்கமுள்ள எம்எக்ஸ்-5 இதில் மேலானதே. எனினும் முதலில் நல்ல டயர் வாங்குங்கள்.

கேட்டவர்:
நன்றி. வரும் ஞாயிறு சாவியை ஒருவரிடம் கொடுத்து, நான் அருகில் அமர்கிறேன்.