கதவுச் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்யாதே

குழு: தண்ணீர்மலை வீட்டார்

*சனிக்கிழமை*

[காலை 11:08] கவிதா: மாமா, நான் பட்டர்வொர்த்தில் கார் ஷோரூமில் நிற்கிறேன். இரண்டு கார்களைப் பார்த்தேன். ஒன்றின் கதவு தகரப் பெட்டியைப் போல ஒலிக்கிறது. மற்றொன்று ‘தொப்’பென்று கனமாகச் சாத்திக்கொள்கிறது. இரண்டாவதுதான் கெட்டியான கார் என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா?

[காலை 11:17] பிறை மாமா: கதவுச் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்யாதே, கவிதா. அந்தத் ‘தொப்’ ஒலி வேண்டுமென்றே வரவழைக்கப்படுவது. வெளித்தகட்டின் உட்புறத்தில் அதிர்வை அடக்கும் தார்ப்பட்டையை ஒட்டி, பூட்டின் கொக்கிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சுற்றிலும் தடித்த ரப்பரை வைத்துவிட்டால் சாதாரணக் கதவும் பெரிய மனிதனைப் போலப் பேசும். ரப்பரும் பட்டையும் போட்டது நல்லதுதான், காருக்குள் இரைச்சல் குறையும். ஆனால் அது கட்டுமானத்துக்குச் சான்று ஆகாது.

[காலை 11:21] அத்தை: அதெல்லாம் சரி, நம் மலேசிய உள்நாட்டுக் கார்களின் தகடு மைலோ பானத்தூள் டின் கனம்தான் என்று எல்லாரும் சொல்கிறார்களே? கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது.

[காலை 11:30] பிறை மாமா: முப்பது வருடம் அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்தியவன் சொல்கிறேன். வெளித்தகடு ஜப்பான் காரானாலும் உள்நாட்டுக் காரானாலும் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்தான். அது தோல். விபத்தில் ஆளைக் காப்பது உள்ளே இருக்கும் எலும்பு: கதவுக்குள் குறுக்கே ஓடும் இரும்பு, கூரையைத் தாங்கும் தூண்கள், காலடியில் இருக்கும் சட்டம். அவற்றை உறுதி கூடிய எஃகில் செய்திருக்கிறார்களா என்பதைக் கையால் அழுத்திக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் ஆசியான் என்கேப் மோதல் சோதனை இருக்கிறது. 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவி, நம் உள்நாட்டு பெரோடுவா கார், அதில் 5 நட்சத்திரம் வாங்கியது. மைலோ டின் கதை சொல்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

[காலை 11:34] தாத்தா: 1985-இல் முதல் உள்நாட்டுக் காரான புரோட்டான் சாகா வந்தபோதும் என் நண்பர்கள் இதையேதான் சொன்னார்கள். அதே ஆண்டில் திறந்த பினாங்குப் பாலத்தில் அந்த வண்டியை நான் பல வருடம் ஓட்டினேன்.

[காலை 11:36] கவிதா: அப்படியென்றால் நான் இங்கே எதைத்தான் பார்ப்பது?

[காலை 11:52] பிறை மாமா: இடுக்குகளைப் பார். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஓடும் கோட்டை, விளக்கருகே தொடங்கிக் கண்ணாடி வரைக்கும் கண்ணால் தொடர்ந்து போ. இடைவெளி 4 மில்லிமீட்டரா 5 மில்லிமீட்டரா என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு முனையில் அகலமாகத் தொடங்கி மறுமுனையில் ஒடுங்குகிறதா, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதே முக்கியம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை இடுக்கின் குறுக்கே மெல்ல ஓட்டு. ஒரு தகடு மற்றதைவிட மேடாக இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரல் சொல்லிவிடும். என் முதலாளி எனக்கு அப்படித்தான் பழக்கினார்.

சாயத்தைப் பார்க்க, கூரையிலுள்ள குழல்விளக்கின் பிம்பம் கதவில் தெரியும் இடத்துக்குப் போ. அதன் ஓரம் ஆரஞ்சுப்பழத் தோலைப் போல நெளிந்தால் தெளிப்பு அவ்வளவு நேர்த்தியாக இல்லை. பம்பரின் நிறம் சிறிது வேறுபட்டால் பதறாதே. அது பிளாஸ்டிக், தனியாகச் சாயமடிக்கப்படுவது, வெள்ளி நிறத்தில் கூடுதலாகத் தெரியும்.

கதவின் ரப்பரை ஓரிடத்தில் மெல்ல விலக்கு. ஷோரூம்காரர் முறைத்தால் முறைக்கட்டும். உள்ளே வட்ட வட்டமாக வெல்டிங் குழிகள் தெரியும். அவை சீராக இருக்க வேண்டும்.

[நண்பகல் 12:05] கவிதா: முறைக்கிறார், மாமா. குழிகள் சீராகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு கதவுக் கீலின் போல்ட்டில் சாயம் உரிந்திருக்கிறது. இது அடிபட்ட காரா?

[நண்பகல் 12:11] பிறை மாமா: அவசரப்படாதே. சில தொழிற்சாலைகளில் சாயமடித்த பிறகு கதவுகளைக் கழற்றி, உள்வேலைகளை முடித்து மீண்டும் மாட்டுவார்கள். நான்கு கதவுகளிலும் அப்படியே இருந்தால் அது வழக்கமான வேலை. ஒன்றில் மட்டும் இருந்தால் காரணம் கேள்.

[நண்பகல் 12:14] கவிதா: நான்கிலும் இருக்கிறது.

[நண்பகல் 12:40] பிறை மாமா: இன்னொன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வாங்கிய ஒரு புதுக் கார் ஷோரூமில் தங்கமாக ஜொலித்தது. வாங்கிய மூன்றாம் வாரம், ஐப்பசி மழையில், பின்பக்கச் சாமான் பெட்டியைத் திறந்தால் ஈரச்சாக்கு நாற்றம். கார்ப்பெட்டைத் தூக்கினேன், ஸ்பேர் டயர் கிடக்கும் பள்ளத்தில் ஒரு கை தண்ணீர் நின்றது, ஜாக்கியைச் சுற்றித் துருவளையம் பிடித்திருந்தது. பின்விளக்கின் ரப்பரை மடித்து வைத்தே திருகியிருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். அன்று முதல் யார் வீட்டுப் புதுக் காரானாலும் அந்தக் கார்ப்பெட்டைத் தூக்காமல் நான் வாழ்த்துச் சொல்வதில்லை.

நீ இன்று பார்ப்பது துடைத்து மினுக்கி வைத்த காட்சிக் கார். உனக்கு வருவது வேறு கார். ஆகவே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-யில் உன் பெயரில் பதிவு செய்வதற்கு முன்னால் காரைக் காட்ட வேண்டும் என்று இப்போதே எழுதி வாங்கு. பதிவு எண் விழுந்த பிறகு வேண்டாம் என்று சொல்வது பெரும்பாடு.

[மதியம் 1:02] அம்மா: எழுதிக் கொடுத்துவிட்டார், தம்பி. முகம்தான் சுருங்கிவிட்டது.

*இரண்டு வாரம் கழித்து, புதன்கிழமை*

[மாலை 4:20] கவிதா: மாமா, கார்களை நிறுத்தி வைக்கும் யார்டில் என் காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேஸி எண் தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறது. டயரில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம் என்று அண்ணன் சொன்னதை வைத்துப் பார்த்தேன், நான்கும் புதியவை. இடுக்குகள் சீராக உள்ளன. ஸ்பேர் டயர்ப் பள்ளம் காய்ந்திருக்கிறது. ஆனால் இடப்பக்கப் பின்விளக்கின் மேல் ஓரம் மட்டும் சற்றுத் தூக்கலாக இருக்கிறது. விரல் நகம் உள்ளே போகிறது. வலப்பக்கம் போகவில்லை.

[மாலை 4:24] பிறை மாமா: மழை பெய்யாததால் பள்ளம் காய்ந்திருக்கலாம். விளக்கைக் கழற்றி ரப்பரைப் பார்க்கச் சொல். நேராக மாட்டிய பிறகு தண்ணீர்க் குழாயை அதன்மேல் பத்து நிமிடம் பிடிக்கட்டும். நீ பின்பக்கச் சாமான் பெட்டிக்குள் கைவிளக்கோடு பார்த்துக்கொண்டிரு. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே. நான் பிறை ஊரிலிருந்து கிளம்பிவிட்டேன்.