நூலகப் பணியில் ஆண்-பெண் கணக்கு: அட்டவணைக்கு யோசனை தேவை

வணக்கம். அமெரிக்க நூலகத் துறை பற்றிய காட்சிப் பலகைக்கு உதவி வேண்டும்.

வரலாற்றுப் பகுதி தயார். நூல்களை எண் கொடுத்து வகைப்படுத்தும் முறையை உருவாக்கிய மெல்வில் டூயி 1887-இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் தொடங்கிய நூலகப் பள்ளியின் முதல் வகுப்பில் 20 பேரில் 17 பேர் பெண்கள். நிர்வாகம் முகம் சுளித்தது. 1889-இல் பள்ளி நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்கு மாறியது. (அதே டூயியின் பெயரை, பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதமும் ஒரு காரணமாக, 2019-இல் அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து எடுத்துவிட்டது.) 1876-இல் பிறந்த அந்தச் சங்கத்துக்கு முதல் பெண் தலைவர் 1911-இல்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்கோ 2016-இல்!

இடிப்பது அட்டவணை. மொத்தமாக எண்ணினால் "பெண்கள்தானே அதிகம்" என்று பேச்சு முடிந்துவிடும். பதவி நிலை, நிரந்தரம் அல்லது பகுதிநேரம், பிரிவு என்று பிரித்தால்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெரியும். வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் இருவரை, 40 மணி நேரக் கணக்கில் ஒருவராக்கினால், பகுதிநேரத்தில் பெண்கள் கூடுதலாக உள்ள இடங்களில் அவர்கள் எண்ணிக்கை சுருங்கிவிடுகிறது. ஆள் கணக்கு, மணி நேரக் கணக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பார்ப்பவர்கள் குழம்புவார்களா?

கொண்டை, கண்ணாடி, உதட்டில் விரல் இல்லாத நூலகர் படம் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.