செங்காந்தள்: மாடித் தொட்டியில் வைக்கலாமா, வேலியோடு விட்டுவிடலாமா? (மாடிக்கொடி, வேலியோரம், கிணற்றடி என்ற புனைபெயர்களில் மூவர் பேசிக்கொள்வது)

மாடிக்கொடி:
கிழங்கு வைத்தும் முளைக்கவில்லை என்பவர்கள் முதலில் அதன் நுனியைப் பாருங்கள். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கில் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான். அது ஒடிந்தால் உருளைக்கிழங்கு போல வேறு கண்ணிலிருந்து துளிர்க்காது. ஆனி, ஆடியில் 12 அங்குல ஆழத் தொட்டியில் செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1 கலந்து, கிழங்கைப் படுக்கைவாக்கில் 2 அங்குல ஆழத்தில் வையுங்கள். முளை தெரியும்வரை ஈரம் இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் அழுகும்.

வேலியோரம்:
வளர்ப்பு முறை சரி. ஆனால் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைச் சொல்வது தவறு. செடி முழுக்கவே கோல்ச்சிசின் நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். வேகவைத்தாலும் போகாது. காய் வெடித்தால் உள்ளே செக்கச்செவேலென்று விதைகள். பிள்ளைகள் கை வைக்காமல் இருக்குமா? மண்ணும் வேலியும் இருப்பவர்கள் வைக்கட்டும். மாடிக்கு வெட்சி போதாதா? அதுவும் நம் மண்ணின் செடிதான்.

மாடிக்கொடி:
வெட்சியை உப்புத் தண்ணீர் ஊற்றும் மாடியில் வைத்தால் இலை மஞ்சளாகிவிடும், எளிது என்று சொல்லிவிட முடியாது. காந்தள் விதை பற்றிய அச்சத்துக்கு வழி இருக்கிறது: பூ வாடியதும் பிஞ்சைக் கிள்ளிவிடுங்கள். காய்க்குப் போகும் சத்தும் கிழங்குக்குப் போகும். தை மாதம் கொடி காய்ந்த பிறகு கிழங்கை எடுத்து உலர்மணலில் வைத்துவிடலாம்.

வேலியோரம்:
இதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது! எடுத்து வைத்த கிழங்கு வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். சமையலறைப் பக்கம் போனால் என்ன ஆகும்? தின்றவருக்குச் சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். தோண்டும்போது முளை ஒடியும் என்பது வேறு.

கிணற்றடி:
வேலியோரம் சொல்வதில் இந்த ஒரு விஷயம் மறுக்க முடியாதது. எடுக்கவே வேண்டாம். காய்ந்த கொடியை அறுத்துவிட்டு, தொட்டியை அப்படியே மழை படாத நிழலுக்கு நகர்த்தி, ஆனிவரை தண்ணீரை நிறுத்துங்கள். கோடை மழையில் நனையும் தொட்டிதான் அழுகுகிறது. மண் மாற்றும் ஆண்டில் மட்டும் கையுறை போட்டு எடுத்து உடனே நடலாம்.

இன்னொன்று, தடித்த கம்பு ஊன்றாதீர்கள். இலை நுனிதான் சுருண்டு பிடிக்கும். மெல்லிய கம்பி, காய்ந்த மிளார் போதும். கறுப்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளியுள்ள புழு வந்தால் இரண்டே நாளில் தண்டுதான் மிஞ்சும். தினமும் காலையில் இலையின் அடிப்பக்கம் பார்த்துப் பொறுக்கிவிட வேண்டும்.

மாடிக்கொடி:
சரி, தொட்டியிலேயே விடுவதை ஏற்கிறேன். ஆனால் மாடிக்கே கூடாது என்பதை ஏற்கமாட்டேன். அரளியை வாசலில் வைத்திருக்கும் ஊர் இது.

வேலியோரம்:
அரளி வேரை யாரும் வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைப்பதில்லை, ஐயா. நடக்கத் தொடங்கிய குழந்தை இருக்கும் வீட்டுக்கு என் பதில் இன்னும் ‘வேண்டாம்’தான்.